4.11 போடுவதற்கு முன்னால்...

பழைய அமெரிக்கக் கார்களை வாங்கிப் புதுசாகக் கட்டும் ஆட்களிடம் ஒரு விநோதப் பழக்கம் உண்டு. எஞ்சினை மாதக்கணக்கில் யோசித்துக் கட்டுவார்கள். பெயின்ட் நிறத்துக்கு வீட்டில் வாக்கெடுப்பே நடக்கும். பின் அச்சுக்குள் என்ன பல்சக்கரம் போடுவது என்ற கேள்வியை மட்டும் ஐந்தே நிமிடத்தில், யாரோ சொன்னதை வைத்து முடித்துவிடுவார்கள். அந்த யாரோ பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "4.11 போடு, பறக்கும்!"

பறக்கும்தான். எங்கே பறக்கும், எவ்வளவு தூரம் பறக்கும், அதற்கப்புறம் அந்தக் காரை யார் ஓட்டுவார்கள் என்பதுதான் என் கேள்வி. கஷ்டப்பட்டுக் கட்டிய காரை இரண்டு தடவை வெளியே எடுத்துவிட்டு, "நெடுஞ்சாலையில் காது கிழிகிறது" என்று ஷெட்டில் போட்டு மூடிவைக்கும் கூத்துக்கு முக்கால்வாசி நேரம் இந்த ஒரு எண்தான் காரணம் என்பது என் கட்சி.

எண் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி (மெக்கானிக்கல் மக்கள் தாண்டிப் போகலாம், தப்பில்லை). எஞ்சினிலிருந்து கியர்பெட்டி, கியர்பெட்டியிலிருந்து காருக்கு அடியில் நீளமாகப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் கடைசியில் ஒரு குட்டிப் பினியன். அந்தப் பினியன் ஒரு பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுற்றும். பினியனில் 9 பல், கிரவுனில் 37 பல் என்றால் 37ஐ 9ஆல் வகுக்க 4.11 வரும். அதாவது ஷாஃப்ட் 4.11 தடவை சுற்றினால் பின் டயர் ஒரு தடவை சுற்றும். கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் செயின் விழுந்தால் மேடு ஏறச் சுகம், ஆனால் சமதளத்தில் கால் மட்டும் பேய் மாதிரி சுற்றும், சைக்கிள் நகராது. 4.11 என்பது அந்தப் பெரிய பல்சக்கரம். 2.80 என்பது எதிர்முனை.

"அதென்ன 4.11, ஒழுங்காக 4 என்று வைக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 37க்கும் 9க்கும் பொது வகுஎண் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் ஒவ்வொரு பல்லையும் முறைவைத்துச் சந்தித்துவிடும். தேய்மானம் எல்லாப் பற்களிலும் சமமாகப் பரவும். 39க்கு 13 என்று வெட்டினால் சரியாக 3.00 கிடைக்கும். ஆனால் அங்கே ஒரு பினியன் பல் வாழ்நாள் முழுக்க அதே மூன்று கிரவுன் பற்களோடுதான் குடித்தனம் நடத்தும். இப்படிப்பட்ட ஜோடிகளில் எந்தப் பல் எதோடு சேர வேண்டும் என்று அடையாளக்குறி போட்டிருப்பார்கள். பிரித்து மாட்டும்போது அதைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். வகுப்பில் மீப்பெரு பொது வகுஎண் எதற்குப் படித்தோம் என்று நினைத்தவர்களுக்கு இதோ பதில் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது, அதனால் ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். 1965 ஃபோர்டு மஸ்டாங், 289 கன அங்குல வி8. பழைய கார் கட்டுபவர்களிடம் ரொம்பப் பிரபலமான வண்டி. சாதாரண இரட்டை பேரல் கார்புரேட்டர் எஞ்சினுக்கு ஃபோர்டு சொன்ன சக்தி 4,400 சுற்றில் 200 குதிரை. நான்கு பேரல் வைத்தால் 4,800 சுற்றில் 225. உச்சத்தில் இருந்த 'ஹைபோ' எஞ்சினுக்கு 6,000 சுற்றில் 271. சாதாரண எஞ்சின்கள் 2.80, 3.00 மாதிரி அச்சுகளோடு வந்தன. ஹைபோவுக்குத்தான் 3.50, 3.89. கரோல் ஷெல்பி அதே ஆண்டு செய்த ஜிடி350யிலும் 3.89தான், அது நம்பர் பிளேட் மாட்டிய பந்தயக் கார், அதனால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியாது.

இப்போது கணக்கு. சூத்திரம் ரொம்ப எளிது. மணிக்கு எத்தனை மைல் என்பதை அச்சு விகிதத்தால் பெருக்கு, 336ஆல் பெருக்கு, டயரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வகு. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். (கடைசி கியர் நேர் கியராக, அதாவது 1க்கு 1 ஆக இருக்கும்போது.) மஸ்டாங்குக்கு 205/70 ஆர்14 டயர் போட்டால் விட்டம் சுமார் 25.3 அங்குலம். அமெரிக்க நெடுஞ்சாலையில் சாதாரணமாகப் போகும் 70 மைல், நம் கணக்கில் 113 கிலோமீட்டர், என்று வைத்துக்கொள்வோம்.

2.80 அச்சுக்கு 2,600 சுற்று. 3.00க்கு 2,790. 3.50க்கு 3,250. 3.89க்கு 3,620. நம் கதாநாயகன் 4.11க்கு 3,820!

காகிதத்தில் 3,820 பெரிய எண்ணாகத் தெரியாது. அந்த எஞ்சின் தாங்கவும் தாங்கும். ஆனால் அதை ஒன்றரை மணி நேரம் கேட்க வேண்டும். 100 மைல் தள்ளி நடக்கும் ஒரு கார் கண்காட்சிக்குப் போகிறீர்கள். 4.11 வைத்த எஞ்சின் அந்தப் பயணத்தில் சுமார் 3,27,000 சுற்று சுற்றியிருக்கும். ஒலித்தடுப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாத 1965 மாடல் உடம்பு, பின்னால் இரண்டு சைலன்சர். பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேச்சே நடக்காது. திரும்பி வரும்போது அதே 3,27,000. அடுத்த கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று யோசனை வரும். காரை ஓட்டுவதற்காகக் கட்டிவிட்டு, அதை இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது என்ன நியாயம்?

இந்த 4.11 பக்தி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1960களில் டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் இளைஞர்கள் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை காரை விரட்டுவார்கள். பந்தயத் தடத்துக்குப் போனால் கால் மைல், 402 மீட்டர், அவ்வளவுதான். அந்த உலகத்தில் 4.11 உண்மையிலேயே சரியான விடை. ஒரு 289 மஸ்டாங் கால் மைல் கோட்டைத் தாண்டும்போது 90 மைல் வேகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.11 அச்சில் அப்போது எஞ்சின் 4,900 சுற்றில் இருக்கும். நான்கு பேரல் எஞ்சினின் உச்ச சக்தி எங்கே என்று சொன்னேன்? 4,800. பூட்டும் சாவியும் மாதிரி பொருந்துகிறது. அதே காரில் 3.00 இருந்தால் 3,590தான் வரும். எஞ்சின் பாதித் தூக்கத்தில் கோட்டைத் தாண்டும். ஆக அந்தக் காலத்துப் பையன்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் ஓட்டியது 402 மீட்டர், அதற்கான பல்லைப் போட்டார்கள்.

நடுவில் ஓர் இடைவேளையும் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974ல் அமெரிக்கா முழுக்க 55 மைல் வேகவரம்பு. 55ல் 4.11 அச்சு 3,000 சுற்றுதான் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். 1987ல் ஊருக்கு வெளியே உள்ள நெடுஞ்சாலைகளில் 65 ஆக்க அனுமதித்தார்கள். 1995ல் தேசிய வரம்பையே தூக்கிவிட்டார்கள். டெக்சாஸில் 2012 முதல் ஒரு சாலையில் 85 வரை போகலாம். சாலைகள் மாறிவிட்டன, ஆனால் வாய்வழியாக வரும் அறிவுரை மட்டும் 1966லேயே நின்றுவிட்டது.

"ஆனால் சக்தி?" என்று கேட்பீர்கள். இங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது. 3.00 அச்சை எடுத்துவிட்டு 4.11 போட்டால், அதே கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 37 சதவீதம் கூடும். பொய்யில்லை. ஆனால் குதிரைசக்தி ஒன்றுகூடக் கூடவில்லை. பல்சக்கரம் சக்தியை உண்டாக்காது. எஞ்சினிடம் இருப்பதை எந்த வேகத்தில் செலவழிப்பது என்று மட்டும் தீர்மானிக்கும். 4.11 காரில் மூன்றாம் கியரில் கிடைக்கும் இழுவையை 3.00 காரில் இரண்டாம் கியருக்கு இறங்கியும் வாங்கிக்கொள்ளலாம். கையை கியர் லீவருக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு நிரந்தரமாக 3,820 சுற்றுக்குக் கையெழுத்துப் போடுகிறோம். இன்னொன்று, 1965 மஸ்டாங்கின் பின்பக்கம் எடை குறைவு, டயரும் ஒல்லி. அந்தக் கூடுதல் 37 சதவீதத்தில் முதல் கியரில் பாதி டயர் ரப்பராகச் சாலையில்தான் படியும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

கியர்பெட்டியைச் சேர்த்துப் பார்க்காமல் அச்சைப் பற்றிப் பேசவே கூடாது. அந்தக் காலத்து ஃபோர்டு 'டாப்லோடர்' நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 2.78 உள்ளது ஒரு வகை, 2.32 உள்ளது இன்னொரு வகை. முதல் கியரை அச்சு விகிதத்தால் பெருக்கினால் கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வலு தெரியும். அது 10க்குப் பக்கத்தில் இருந்தால் தெருவில் ஓட்ட நிம்மதி என்பது கைப்பழக்கக் கணக்கு. 2.78ஐ 3.50ஆல் பெருக்கினால் 9.7. சுகமாகக் கிளம்பும். 2.32 உள்ள பெட்டியோடு 3.00 போட்டால் 7 கூட வராது. சிக்னலுக்கு சிக்னல் கிளட்சைத் தேய்க்க வேண்டும். ஹைபோ காருக்கு 3.89 கொடுத்ததன் ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பிய்த்து எடுத்து வேறு பெட்டி உள்ள காரில் ஒட்டினால் எப்படி?

இப்போது பலரும் செய்வது என்னவென்றால், 1980களின் பிற்பகுதி 5.0 மஸ்டாங்கில் வந்த டி5 ஐந்து கியர் பெட்டியைப் பழைய மஸ்டாங்கில் மாட்டுவது. அதில் முதல் கியர் 3.35, ஐந்தாவது கியர் 0.68, அதாவது ஓவர்டிரைவ். இது வந்ததும் கணக்கு தலைகீழாக மாறுகிறது. 4.11ஐ 0.68ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2.795. ஃபோர்டு ஆலையிலேயே போட்டு அனுப்பிய 2.80 அச்சும் இதுவும் நெடுஞ்சாலையில் ஒன்றுதான்! "பார்த்தாயா, 4.11 போட்டாலும் 2,600 சுற்றுதானே" என்று 4.11 கட்சிக்காரர்கள் துள்ளிக் குதிப்பது இந்த இடத்தில்தான்.

அவசரப்படாதீர்கள். மறுமுனையில் முதல் கியரைப் பாருங்கள். 3.35ஐ 4.11ஆல் பெருக்கினால் 13.8. எஞ்சினை 5,500 வரை முறுக்கினாலும் முதல் கியரில் 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர்தான். கிளம்பிய அடுத்த நொடி இரண்டாவது கியர் கேட்கும். லாரிக்காரர் மாதிரி இடைவிடாமல் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கியரே இல்லாத நான்கு கியர் பெட்டி வாங்கிய கதை இது.

அதே டி5க்கு 3.55 அச்சு போட்டால் முதல் கியர் 11.9, நெடுஞ்சாலையில் 2,240 சுற்று. அந்தக் கண்காட்சிப் பயணத்துக்கு 3,27,000க்குப் பதிலாக 1,92,000 சுற்று. 3.25 போட்டால் 10.9, 2,050 சுற்று. என்னைக் கேட்டால் நான்கு பேரல் எஞ்சினுக்கு 3.55, இரட்டை பேரலுக்கு 3.25. சாதாரண 289 எஞ்சினின் உச்ச முறுக்குவிசையே 2,400 சுற்றில் வந்துவிடுகிறது. அந்த எஞ்சினை 2,100ல் ஓட்டினால் அதற்குச் சந்தோஷம்தான்.

எல்லா எஞ்சினுக்கும் இது பொருந்தாது. பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு, 2,500க்குக் கீழே இருமிக்கொண்டே ஓடும் எஞ்சினைக் கட்டியவர்கள் உண்டு. அவர்கள் டி5யோடு 3.00 வைத்தால் 70ல் 1,900, 60ல் 1,630. கார் குலுங்கிக் குலுங்கிப் போகும். ஐந்தாவது கியரைத் தொடவே மனசு வராது. அவர்களுக்கு 3.89 நியாயம். அதனால்தான் அச்சைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்கிறேன். எஞ்சின் எந்தச் சுற்றில் சுகமாக இருக்கிறது, டயர் எவ்வளவு உயரம், கியர்பெட்டியில் என்ன இருக்கிறது, வாரத்தில் எந்தச் சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், இவையெல்லாம் தெரிந்த பிறகு அச்சு எண் தானாக வந்து விழும். நம் ஆட்கள் கல்யாண மண்டபத்தை பிடித்துவிட்டுப் பெண் தேடுகிறார்கள்.

டயரை மறந்துவிடாதீர்கள். 3.55 போட்டுவிட்டுப் பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று 27 அங்குல டயர் மாட்டினால், கையில் இருப்பது 3.33 அச்சு. காசு கொடுத்து வாங்கிய விகிதத்தை டயர் கடைக்காரர் மாற்றிவிட்டார்!

ஆட்டோமேடிக் ஆட்களுக்கு ஒரு வரி. பழைய சி4 பெட்டியில் முதல் கியர் 2.46, ஓவர்டிரைவ் கிடையாது, 3.00 அல்லது 3.25யோடு நிம்மதியாக இருங்கள். ஏஓடி பெட்டி மாற்றினால் முதல் கியர் 2.40தான், ஆனால் ஓவர்டிரைவ் 0.67, அங்கே 3.55 தாராளமாகப் போகலாம், 3.73கூடப் போகலாம்.

எதிர்க்கட்சியில் நான் மதிக்கும் ஒரு வாதம் உண்டு. "பழைய காரை ஓட்டுவதே அந்தச் சத்தத்துக்கும் அந்த உதறலுக்கும்தான். 2,200 சுற்றில் அமைதியாகப் போக வேண்டுமானால் புதுக் கார் வாங்கிக்கொள்ளேன்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குள் 10 மைல் சுற்றிவிட்டு வரும் கார் என்றால் இது முழுக்கச் சரி. 4.11 வைத்த வி8 இரண்டாம் கியரில் எழுப்பும் அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் அந்த 10 மைலோடு நிற்கிறார்கள்? முக்கால்வாசிப் பேர் கனவில் வைத்திருப்பது மகனை உட்காரவைத்துக்கொண்டு இரண்டு மாநிலம் தாண்டிப் போகும் பயணம். கனவு ஒரு சாலை, அச்சு வேறொரு சாலை.

அசல் தன்மைக்காக எதையும் மாற்ற மாட்டேன் என்பவர்களிடம் எனக்குச் சண்டையே இல்லை. ஆலையில் வந்த 2.80ஐ அப்படியே வைத்திருங்கள். அது "பாட்டி கியர்" என்று நக்கலடிப்பார்கள். அந்தப் பாட்டி 70ல் 2,600 சுற்றில் ஊர் ஊராகப் போய்வருவாள், நக்கலடித்தவர் டிரெய்லருக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார்.

செலவு விஷயம். எந்த அச்சு என்பதைப் பொறுத்து வேலை ரொம்ப மாறும். செவர்லேயின் 12 போல்ட் அச்சில் பல்சக்கரங்களைக் காருக்கு அடியில், பின்மூடியைக் கழற்றி, அங்கேயே வைத்து ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில் இடைவெளி பார்த்து மாட்ட வேண்டும். அதிலும் 3.73 வரை ஒரு கேரியர், அதற்கு மேலே 4.10 போன்றவற்றுக்கு வேறு கேரியர்; இல்லையென்றால் தடித்த கிரவுன் தேடி வாங்க வேண்டும். "சும்மா பல்லை மாற்றிக்கொள்ளலாம்" என்று ஆரம்பித்த பலருடைய பட்ஜெட் இங்கேதான் படுத்திருக்கிறது. பல் மாறினால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். 3.00லிருந்து 4.11க்குப் போனால் 51 மைலில் போகும்போது 70 என்று காட்டும். கியர்பெட்டியின் பின்னால் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இந்த விஷயத்தில் மஸ்டாங்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுடைய வி8 கார்களில் வந்த 8 அங்குல அச்சிலும், ஹைபோவில் வந்த 9 அங்குல அச்சிலும் கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே இரும்புக் கூட்டில் உட்கார்ந்திருக்கும். பக்கத்து ஆக்ஸில் இரண்டையும் கொஞ்சம் வெளியே இழுத்து, ஷாஃப்டைக் கழற்றி, சுற்றியுள்ள நட்டுகளை அவிழ்த்தால் அந்தக் கூடு மொத்தமாக முன்பக்கமாகக் கையோடு வந்துவிடும். இடைவெளிகளை மேசைமேல் வைத்து நிதானமாகச் சரிபார்த்த இன்னொரு கூட்டை அப்படியே உள்ளே தள்ளலாம். ஆசை அடங்கவில்லை என்றால் ஷெல்ஃபில் 4.11 கூடு ஒன்று, காரில் 3.25 கூடு ஒன்று. பந்தயத் தடத்துக்குப் போவதற்கு முந்தைய சனிக்கிழமை மாற்றிக்கொண்டு போங்கள், யார் வேண்டாமென்றது. திரும்பி வீட்டுக்கு ஓட்டிவரும் தூரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.